லக்ஷ்மணன் கழற்றிய பெனியன்

சுவிஸில் வில் என்ற நகரத்துத் தமிழ் ஆட்களிடம் லக்ஷ்மணனைத் தெரியுமா என்று விசாரித்தால், எந்த லக்ஷ்மணன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். "உந்தச் சத்தக்காரனோ?" என்றுதான் கேட்பார்கள். கோடையில் தேர் இழுக்கும்போது வடத்தின் முன்பக்கத்தில் நின்று அவன் ஒரு "அரோகரா" போட்டால், பக்கத்து வீதியில் நாயோடு உலாத்துகிற சுவிஸ்காரர் திடுக்கிட்டு நின்றுவிடுவார். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. அகன்ற தோள், கொஞ்சம் தொந்தி, கறுத்தச் சாயம் பூசிய மீசை. பிளாஸ்டிக் பெட்டி வார்க்கிற தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து வந்தால் வாய்தான் வேலை செய்யும்.

சும்மா சொல்லக்கூடாது, கதை சொல்வதில் மன்னன். வன்னியில் மாடு பிடித்த கதை, விசாவுக்கு அலைந்த கதை, முதல் பனிக்காலத்தில் சறுக்கி விழுந்து தபால்காரரையும் சேர்த்து விழுத்திய கதை, எல்லாம் நாலு தரம் கேட்டாலும் சிரிப்பு வரும். ஆனால் ஒரேயொரு கதையை அவன் வாய் திறந்து சொன்னதேயில்லை. இந்த ஊரில் அது தெரிந்தவள் மனைவி சிவகலா மட்டும். அவளும் சொன்னதில்லை. வேறு யாருக்காவது அப்படி ஒன்று நடந்திருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். இந்த மனிதன் அதைப் பதினாறு வருடம் மூடி வைத்திருந்தான். கடைசியில் அதை வெளியே எடுக்க ஒரு சூடான்காரன் வரவேண்டியிருந்தது.

அந்தச் சூடான்காரன் பெயர் இத்ரிஸ். டார்பூர்ப் பக்கம் ஊர். தொழிற்சாலையில் லக்ஷ்மணனுக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்கிறவன், அவனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசுவது ஜெர்மன். இலக்கணம் பார்க்கப்போனால் இரண்டு பேரையும் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கும். ஆனாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எப்படியோ விளங்கிவிடும். மத்தியானம் இடைவேளை அறையில் லக்ஷ்மணனின் கத்தரிக்காய்க் குழம்பில் பாதி இத்ரிஸுக்குப் போகும். இத்ரிஸின் அவரைக்கொட்டைக் கறியில் பாதி இந்தப் பக்கம் வரும். உறைப்பு காணாது என்று லக்ஷ்மணன் ஒவ்வொரு நாளும் சொல்வான். ஒவ்வொரு நாளும் வழித்துச் சாப்பிடுவான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இத்ரிஸ் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, இண்டைக்கும் நோன்போ?" என்று தன் ஜெர்மனில் கேட்டான் லக்ஷ்மணன்.

"இல்லை. தங்கச்சி."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. தங்கச்சி ஹவ்வாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. மாதம் நிறையவில்லை. ஊர் ஆஸ்பத்திரி போன வருடமே எரிந்துபோனது. சண்டைக்குத் தப்பி ஓடிய சனம் எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது. அங்கே ஒரேயொரு மருத்துவிச்சி. பிள்ளை பிறந்த பிறகு ஹவ்வாவுக்கு இரத்தம் நிற்காமல் ஓடியிருக்கிறது. மருத்துவிச்சி ஊசி போட்டு, வயிற்றை அழுத்திப் பிடித்து, ஒருவாறு நிறுத்திவிட்டாள். ஹவ்வா உயிரோடு இருக்கிறாள். ஆனால் எழும்ப முடியாது. உடம்பு நடுங்கிக்கொண்டே கிடக்கிறது. பிள்ளையைக் கம்பளியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால், கம்பளிக்குள்ளேயே பிள்ளை குளிர்ந்துபோகிறது.

"பெண் குழந்தை. இவ்வளவுதான்," என்று இத்ரிஸ் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அந்த இரண்டு கைக்கும் இடையில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. "மெஷின் இல்லை. கரண்ட் இல்லை. நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் மருத்துவிச்சி. யாருடைய நெஞ்சில்? எங்கள் அம்மா இல்லை. மச்சாளுக்குக் காய்ச்சல். இருப்பது யூசுப் ஒருவன்தான்."

யூசுப் ஹவ்வாவின் புருஷன். லொறி ஓட்டுகிறவன்.

"அவன் வைச்சிருக்கலாம்தானே?"

"பயப்படுகிறான். இந்தக் கையால் தொட்டால் உடைந்துவிடும் என்கிறான். அது பெண்களின் வேலை என்கிறான். வெளியே போய்க் குந்திக்கொண்டிருக்கிறான்."

லக்ஷ்மணன் பாதிச் சாப்பாட்டிலேயே கையைத் துடைத்தான். குழம்புப் பெட்டியை மூடினான். அறையில் இருந்த மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் பேசாமல் இருந்தால் அது ஒரு செய்தி. மேற்பார்வையாளர் ஆமான் வந்து சுகமில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு இயந்திரத்தடிக்குப் போனார்கள். பெட்டிகள் விழ விழ எடுத்து அடுக்கினார்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் தும்மினாலும் கேட்காது. இத்தனை வருடம் பூட்டி வைத்த விஷயத்தைச் சொல்ல லக்ஷ்மணன் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள். கத்தினால்தான் கேட்கும்.

"நான் செய்தேன்!" என்று கத்தினான்.

"என்ன?"

"பிள்ளை! என் பிள்ளை! இங்கே!" என்று நெஞ்சில் அடித்துக் காட்டினான். "நான் வைத்திருந்தேன்! சண்டைக்குள்!"

இத்ரிஸ் கையில் பெட்டியோடு அப்படியே நின்றான். அவன் இயந்திரத்தில் பெட்டிகள் குவிந்து கீழே விழத் தொடங்கின.

இரண்டாயிரத்து ஒன்பது, சித்திரை மாதம், வன்னிக் கடற்கரை. இறுதிப் போரில் சனம் எல்லாம் ஒரு துண்டு மணலுக்குள் நெருக்குப்பட்டுக் கிடந்த காலம். சிவகலாவுக்கு நாள் முந்தி வலி வந்தது. தறப்பாள் கட்டிய ஒரு கொட்டிலில்தான் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். அங்கே ஒரு மிஸ்ஸி இருந்தாள். தாதியை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். பிள்ளை பிறந்தது, கடையில் வாங்கும் ஒரு றாத்தல் பாணைவிடக் கொஞ்சம் பெரிது. சிவகலாவுக்கு இரத்தம் போய்க்கொண்டேயிருந்தது. மிஸ்ஸி தன் கடைசி ஊசி மருந்தை அவளுக்குப் போட்டாள். வயிற்றை அமர்த்திப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற லக்ஷ்மணனைப் பார்த்தாள். அவன் இடுப்பில் ஒரு சாரத்தோடு நின்றான். சேட்டு முந்தைய நாளே யாரோ ஒருவரின் காயத்துக்குக் கட்டாகப் போய்விட்டது.

"உங்கட மேல் சும்மாதானே கிடக்கு. வாங்கோ, பிடியுங்கோ," என்றாள்.

பிடித்தவன் விடவில்லை. சிவகலா பாயிலிருந்து எழும்பும் வரைக்கும் பிள்ளை அவன் நெஞ்சில்தான் இருந்தது. கட்டியிருந்தது சிவகலாவின் சேலையில் கிழித்த துண்டு. ஷெல் சத்தம் கேட்டால் பிள்ளையோடு பங்கர்க் குழிக்குள் குதிப்பான். சத்தம் நின்றால் பிள்ளையோடு ஏறுவான். இருந்தபடியே நித்திரை. சிவகலாவின் பாலைப் பிழிந்து கரண்டி நுனியால் ஊட்டினான். மூத்திரம் அவன் வயிற்றில்தான் வடியும். அதுவும் ஒரு சந்தோஷம், பிள்ளைக்கு உள்ளே எல்லாம் வேலை செய்கிறது என்று.

பிறகு அகதி முகாமுக்குப் போன பின்பும் கொஞ்சக் காலம் அந்தக் கட்டு இருந்தது. அங்கேதான் ஆம்பிளைகள் தொடங்கினார்கள். "என்ன லக்ஷ்மணா, பால் சுரக்குதோ?" என்றான் ஒருத்தன். "அம்மாள் லக்ஷ்மணன்" என்று பட்டம் வைத்தான் இன்னொருத்தன். தண்ணீர் வரிசையில் அந்தப் பட்டம் அவனுக்கு முன்னால் ஓடியது. எல்லாம் இழந்துபோய் நின்ற சனம், சிரிக்க வேறு ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அது அவனுக்கு உள்ளே தைத்துவிட்டது. சுவிஸுக்கு வந்து, குடும்பத்தைக் கூப்பிட்டு, வேலை வீடு என்று ஆனபோது, இந்த ஊரில் அந்தப் பட்டம் தெரிந்த ஒருத்தரும் இல்லை என்று கண்டான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். கறுத்த மீசையும் பெரிய சத்தமும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

அன்று வேலை முடிய இத்ரிஸையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். சிவகலா முதியோர் இல்லத்தில் பின்நேர வேலைக்குப் போயிருந்தாள். மகள் ரிஷானி மட்டும் வீட்டில் நின்றாள். பதினாறு வயது. தகப்பனைவிட அரைத் தலை உயரம். தச்சுப் பட்டறையில் தொழில் பழகுகிறாள், தலைமயிரில் எப்போதும் மரத்தூள். பின்நேரங்களில் உதைபந்தாட்டப் பயிற்சி, கோல் காப்பவள். கதவை அவள் சாத்தினால் மேல்வீட்டுக்காரருக்குத் தெரியும்.

"பிள்ளை, ஒரு வீடியோ எடுக்கவேணும்," என்றான். "இத்ரிஸின்ர தங்கச்சியின்ர குழந்தைக்கு. ஊரில மிஸ்ஸிமார் செய்யிறதைக் கண்டிருக்கிறன். அதைக் காட்டப் போறன்."

கண்டிருக்கிறானாம். பொய் சொல்லும்போதும் ஒரு மரியாதையோடு சொல்கிற ஆள். இத்ரிஸுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

கடையில் வாங்கிய ஒரு கிலோ சீனிப் பக்கெட்டைக் காகித உறையோடு அப்படியே துவாயில் சுற்றிப் பிள்ளை ஆக்கினான். ஒரு காலுறையை அதற்குத் தொப்பியாகப் போட்டான். அலுமாரியிலிருந்து ஒரு பழைய சாரத்தை எடுத்துக் கிழித்தான். சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். பெனியனைக் கழற்றவில்லை.

அதை மறந்துபோனான் என்று சொல்லமுடியாது. அவனுக்கு அது தோன்றவேயில்லை. கோயிலில் ஆயிரம் சனம் பார்க்க வெறும் மேலோடு நின்று தேர் இழுக்கிறவன்தான். ஆனால் வளர்ந்த மகளுக்கும் வீட்டுக்கு வந்த ஒரு மனிதருக்கும் முன்னால், மின்விளக்கு வெளிச்சத்தில், ஒரு வீடியோவுக்கு முன்னால் பெனியனைக் கழற்றுவதா? எங்கள் ஆட்களுக்கு அது கை போகாத இடம். பெனியன் வெள்ளையாக, தோய்த்து, மினுக்கியதாக இருந்தது. அதுவே அவனுக்குத் திருப்தி.

"சீனியோ குழந்தை?" என்று ரிஷானி சிரித்தாள்.

"சிரிக்காமல் எடு."

மற்றதெல்லாம் ஒரு பிழையுமில்லை. பிள்ளையை நிமிர்த்தி வைக்கவேண்டும், முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கவேண்டும், மூக்கு அடைபடக்கூடாது, கால் இரண்டும் தவளைபோல் மடிந்திருக்கவேண்டும். ஒவ்வொன்றாகக் காட்டினான். இத்ரிஸ் அரபியில் சொன்னான். வீடியோ போனது. அங்கே ஒரு கடையில் காசு கட்டி இணையம் பிடித்தால்தான் அது யூசுப்புக்குக் கிடைக்கும்.

சனிக்கிழமை காலை இத்ரிஸ் வாசலில் நின்றான். முகத்தைப் பார்த்ததுமே லக்ஷ்மணன் கதவை அகலத் திறந்து உள்ளே கூப்பிட்டான். யூசுப் பதில் அனுப்பியிருந்தான். ஒரு சிறிய வீடியோ. பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்து அவன் இருக்கிறான். நீண்ட வெள்ளை அங்கி போட்டிருக்கிறான். அதற்கு மேலே, தலைப்பாகைத் துணியால், பிள்ளை கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் லக்ஷ்மணன் காட்டிய மாதிரியே. பாவம், அந்த மனிதன் எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறான் என்று பார்த்தாலே தெரிந்தது.

யூசுப் சொன்னதை இத்ரிஸ் ஜெர்மனில் சொன்னான். "உன் நண்பன் காட்டியபடியே செய்தேன். கட்டு அவிழவில்லை. ஆனால் பிள்ளையின் கால் குளிர்ந்துதான் கிடக்கிறது. பால் குடிக்கிறாள் இல்லை. நான் எங்கே பிழை விட்டேன் என்று அவனிடம் கேள்."

லக்ஷ்மணன் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிழை தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு பிள்ளை குளிர்ந்துகொண்டிருக்கிறது, ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சிவகலாவைக் கூப்பிட்டான். ரிஷானியும் அறைக்குள்ளிருந்து வந்தாள்.

சிவகலா கையைத் துடைத்துவிட்டு யூசுப்பின் வீடியோவைப் பார்த்தாள். பிறகு இவனுடைய வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பார்த்து முடித்து, தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"இஞ்சருங்கோ. உந்தப் பெனியன் என்னத்துக்கு?"

"என்ன?"

"அண்டைக்கு உங்களிட்டப் பெனியன் இருந்ததோ? சேட்டு இருந்ததோ? ஒண்டும் இருக்கேல்லை. அதாலதான் இவள் இருக்கிறாள்."

லக்ஷ்மணனுக்கு உச்சந்தலையில் அடித்தமாதிரி இருந்தது. பெனியனைப் பார்த்துத்தான் அந்த மனிதன் அங்கியைக் கழற்றவில்லை. இவன் காட்டிய விதமே பிழை.

"ஆர் இருக்கிறது?" என்று கேட்டாள் ரிஷானி. "நானோ?"

சிவகலா கதிரையை இழுத்து இருந்தாள். அந்த நாட்களைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து ரிஷானி கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கொட்டில், இரத்தம், மிஸ்ஸி, சேலைத்துண்டு என்று எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள், வேறு யாருடைய வீட்டிலோ நடந்தமாதிரி. கடைசியில் மட்டும் மகளின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எழும்ப ஏலாது, கதைக்கவும் ஏலாது. கண் மட்டும்தான் தெரிஞ்சது. உன்ர அப்பாவின்ர நெஞ்சில நீ ஏறி இறங்கிறதைப் பாத்துக்கொண்டு கிடந்தனான். நீ மூச்சு விடுறியோ எண்டு பாக்க எனக்கு வேற வழி இருக்கேல்லை."

ரிஷானி தகப்பனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"ஏன் அப்பா சொல்லேல்லை?"

"சொல்லுறதுக்கு என்ன இருக்கு? ஆக்கள் சிரிச்சவங்கள்."

"ஆர் சிரிச்சது?" அவள் கேட்ட விதத்தில், அந்த ஆட்கள் இப்போது எதிரே வந்திருந்தால் பல்லோடு வீட்டுக்குப் போயிருக்கமாட்டார்கள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "சரி. கழட்டுங்கோ. இப்பவே எடுப்பம்."

லக்ஷ்மணன் பெனியனைத் தலைக்கு மேலால் உருவினான். நரைத்த நெஞ்சு. வெட்கம் வரும் என்று பார்த்தான், வரவில்லை. சிவகலா சீனிப் பக்கெட்டைத் தானே எடுத்து, துவாயை அவிழ்த்து எறிந்துவிட்டு, வெறும் பக்கெட்டை அவன் நெஞ்சோடு அணைத்து வைத்தாள். "இன்னும் மேல. தொண்டைக்குக் கிட்ட. ஓம், அதிலதான் அவள் கிடந்தவள்," என்று இடத்தையும் காட்டினாள். படுத்த பாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத்தானே தெரியும்.

ரிஷானி பிடித்த தொலைபேசியில் படம் ஆடியது. பட்டறைப் பையைத் திறந்து, பலகை பிடிக்கிற ஒரு கவ்வியை எடுத்து, தொலைபேசியைக் கதிரை முதுகில் இறுக்கிப் பூட்டிவிட்டு, பின்னால் நின்று கண்ணைத் துடைத்தாள்.

"யூசுப்," என்றான் லக்ஷ்மணன் ஜெர்மனில், இத்ரிஸ் ஒவ்வொரு வசனமாக அரபியில் சொல்ல. "பிழை உன்னுடையது இல்லை, என்னுடையது. உடுப்பு வேண்டாம். உன் தோல், பிள்ளையின் தோல். நடுவில் ஒன்றும் வேண்டாம். பிள்ளைக்கு ஒரு தொப்பி, ஒரு அரைத்துணி. மேலால் துணியைக் கட்டு. உடைந்துவிடாது. நானும் அப்படித்தான் பயந்தேன். நீ நடக்கலாம், சாப்பிடலாம், இருந்தபடி தூங்கலாம். கீழே மட்டும் வைக்காதே. சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளை உன்னிடம் இருக்கும்."

சிவகலா கமராவுக்கு முன்னால் வந்தாள். அவள் தமிழில் சொன்னாள். ரிஷானி ஜெர்மனாக்கினாள். இத்ரிஸ் அரபியாக்கினான். "தங்கச்சி, நானும் உன்னை மாதிரித்தான் கிடந்தனான். இப்ப பார், நிக்கிறன். மருத்துவிச்சி தாறதைச் சாப்பிடு. பாலைப் பிழிஞ்சு கரண்டியால குடு. உனக்கு எழும்ப ஏலும் வரைக்கும் அவர் வைச்சிருக்கட்டும்."

வீடியோ போனது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஞாயிறு போனது. திங்கள், செவ்வாய், ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் இணையம் அறுந்துவிட்டது என்றான் இத்ரிஸ். சண்டை கிட்ட வந்துவிட்டது என்றும் கேள்வி. லக்ஷ்மணனுக்கு வேலை ஓடவில்லை. நீலப் பெட்டி அடுக்கவேண்டிய இடத்தில் சிவப்பை அடுக்கினான். ஆமான் ஒன்றும் பேசாமல் வந்து மாற்றி அடுக்கிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை கோயிலில் சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபோது, கும்பிடக் கை சேரவில்லை. ஒரு கை நெஞ்சிலேயே நின்றது. முருகா, எனக்கு ஒன்றும் வேண்டாம், அந்தப் பிள்ளையின் காலைச் சூடாக்கிவிடு என்று மட்டும் கேட்டான். இந்தப் பெரிய தொண்டைக்காரன் அன்று ஒரு அரோகராகூடச் சொல்லவில்லை.

ரிஷானி அந்த நாட்களில் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் சமையலறைக்கு வந்து, தேத்தண்ணி குடிக்கிற தகப்பனின் தோளில் கையை ஒரு நிமிஷம் வைத்துவிட்டுப் போனாள். "வந்ததோ?" என்று கேட்பாள். "இல்லை" என்பான். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள், இடைவேளைக்கு மணி அடிக்குமுன்னே, இத்ரிஸ் தொழிற்சாலை நடுவால் ஓடி வந்தான். அங்கே ஓடக்கூடாது என்று சுவர் முழுக்க எழுதியிருக்கிறது. ஆமான் கையை உயர்த்தினார், அவன் முகத்தைக் கண்டு கையை இறக்கினார். லக்ஷ்மணனை இழுத்துக்கொண்டு இடைவேளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தொலைபேசியை மேசையில் நிறுத்தினான்.

படத்தில் யூசுப். அங்கியை இடுப்புவரை இறக்கிவிட்டிருக்கிறான். வெறும் நெஞ்சு. தலைப்பாகைத் துணிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை தெரிகிறது. அவன் துணியைக் கொஞ்சம் விலக்குகிறான். குளிர் காற்றுப் பட்டிருக்கவேண்டும், அந்தத் தலை கத்தத் தொடங்குகிறது. என்ன சத்தம். அந்தச் சிறிய தொலைபேசி மேசையில் அதிர்ந்தது. சாப்பிட வந்த ஆட்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"இவளுக்கும் உன் தொண்டை," என்று இத்ரிஸ் லக்ஷ்மணனின் முதுகில் அடித்தான். அழுதுகொண்டே அடித்தான்.

படம் நகர்ந்தது. சுவரில் சாய்ந்து ஹவ்வா இருக்கிறாள், கையில் ஒரு கிண்ணம், ஏதோ கஞ்சி. மெலிந்த முகம், ஆனால் இருக்கிறாள், குடிக்கிறாள், கமராவைப் பார்த்துக் கையைக் காட்டுகிறாள். படம் இன்னும் நகர்ந்தது. அந்தப் பள்ளிக்கூட விறாந்தையில் வரிசையாக ஆம்பிளைகள். ஒருத்தன், இரண்டு பேர், அந்தப் பக்கம் இன்னும் ஒருத்தன். எல்லோரும் மேலாடையை இறக்கிவிட்டு, நெஞ்சில் ஒவ்வொரு மூட்டை. லக்ஷ்மணனின் வீடியோ கைக்குக் கை மாறி ஓடியிருக்கிறது. மருத்துவிச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

"இத்தனை வருடம் தாய்மாரை வைத்துத்தான் வேலை செய்தாளாம். இப்போது தகப்பன்மாரும் வேலைக்கு வந்துவிட்டார்களாம்," என்றான் இத்ரிஸ்.

அறை முழுக்கக் கைதட்டியது. ஆமான் இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டார்கள். லக்ஷ்மணன் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வரிசையில் தன்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு முகமும் அவனுக்கு நினைவு வந்தது. அந்த முகங்கள் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தான். அது எங்கேயோ போய்விட்டது. மனிதன் மீசையை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான், அதை மறைக்கவும் இல்லை.

படத்தின் கடைசியில் யூசுப் கமராவுக்குக் கிட்ட வந்து ஒரு விஷயம் கேட்டிருந்தான். இத்ரிஸ் அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டான்.

"என்ன சொல்லுறான்?"

"எல்லோரும் பிள்ளையைச் சுக்கர் என்று கூப்பிடுகிறார்களாம். சீனி. உன் வீடியோவால் வந்த பெயர். பிறகு கேட்கிறான்: நீ எனக்குக் காட்டியது சீனி. சண்டைக்குள் நீ வைத்திருந்த பிள்ளை எங்கே? அது பிழைத்ததா?"

அந்த வீடியோவில் எல்லாம் சொன்னார்கள். தொப்பி சொன்னார்கள், கரண்டி சொன்னார்கள். அதைச் சொல்லவில்லை. அந்த மனிதன் இத்தனை நாளும், இந்தச் சுவிஸ் கிழவனின் பிள்ளை இருக்கிறதா செத்ததா என்று தெரியாமலே தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

வேலை முடிந்ததும் இரண்டு பேரும் நேரே மைதானத்துக்குப் போனார்கள். மழை பெய்து விட்டிருந்தது. பெண்கள் அணி பயிற்சியில் நின்றது. கோலுக்குள் ரிஷானி, முழங்காலில் இருந்து நாடி வரைக்கும் சேறு, முன்னால் நிற்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. லக்ஷ்மணன் வேலிக்கு வெளியே நின்று கையைக் காட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பந்தை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அன்று அந்தக் கோல் அவள் கணக்கில் விழுந்தது, போகட்டும்.

"வந்ததோ?"

"வந்தது. பிள்ளை கத்துது."

வேலிக்கு மேலாலேயே அந்த வீடியோவைப் பார்த்தாள். யூசுப் கேட்டதை இத்ரிஸ் சொன்னான். ரிஷானி கையுறையால் கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் சேறாக்கினாள். பிறகு வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்தாள்.

"எடு," என்றாள் இத்ரிஸிடம்.

தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அரைத் தலை உயரம், அகன்ற தோள், கையில் பெரிய கையுறை.

"வணக்கம் யூசுப்," என்றாள் ஜெர்மனில். "நான்தான் அந்தச் சீனிப் பக்கெட்."

இத்ரிஸ் சிரிப்பும் அழுகையுமாக அதை அரபியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் திரும்பி, ஒரு சொல்லும் இல்லாமல், இரண்டு கையையும் தகப்பனின் கழுத்தில் போட்டு ஏறிவிட்டாள். முழுப் பாரமும், சேறும் சப்பாத்துமாக. லக்ஷ்மணன் ஒரு அடி பின்னால் போனான். ஆனால் கை இரண்டும் தானாக அவளுக்குக் கீழே போய்ச் சேர்ந்துகொண்டன. அவள் தலையைச் சரித்து, அந்த இடத்தில், தொண்டைக்குக் கிட்ட, வைத்தாள்.

"கனக்குதடி பிள்ளை," என்றான் லக்ஷ்மணன். "இறங்கு. கனக்குது."

ஆனால் அவன் கையை எடுக்கவில்லை.